நூற்றுப் பதினான்காம் பில்லை

வடக்கே பனிக்குள் கிடக்கும் சுரங்க ஊரான கர்ஹுவாராவுக்கு நான் பதினெட்டு வருஷமாகப் போய்வந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரியில், நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுக்கிற பஸ்ஸோடு. என்னைப் பார்த்து அந்த ஊரில் யாராவது சந்தோஷப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. பஸ் சுரங்கத்தின் முற்றத்துக்குள் திரும்பும்போதே, "துடைப்பம் வந்தாச்சு" என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வார்கள், என் காதில் விழவேண்டும் என்றே.

காரணம் இருந்தது. படத்தில் பாறைத்தூசி தெரிந்தால் கடற்கரை நகரத்து டாக்டர் ஒரு தாளில் எழுதுவார். எழுதிவிட்டால் அந்த ஆள் அதற்கப்புறம் சுரங்கத்தில் இறங்க முடியாது. மேலே, முற்றத்தில், பனி கூட்டும் வேலை கொடுப்பார்கள். குழியில் இறங்குகிறவர்களுக்கென்று கட்டிய சிவப்பு வீட்டைக் காலி செய்துவிட்டு, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரறைக் குடியிருப்புக்குப் போகவேண்டும். எழுதுகிறவர் டாக்டர், பெயர் வாங்கியது நான். பிர்கர் என்று ஒரு பெரிய உடம்புக்காரர். அவருக்கு அப்படித்தான் எழுதினார்கள். ஒரு குளிர்காலம் முழுக்கக் கூட்டினார். மறுவருஷம் நான் போனபோது அவருடைய பழைய படம் வைத்த உறை என் பெட்டியில் இருந்தது, ஆள் உயிரோடு இல்லை. அன்றைக்கு அந்த ஊரில் யாரும் எனக்குக் காபி கொடுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது பதினெட்டாவது தடவை போன எழுபத்தொன்றாம் வருஷத்துக் கதை. அந்தத் தடவை ஆரம்பமே சரியில்லை. பனி வாரும் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு எட்டு மணிக்குப் போகவேண்டிய பஸ் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தது. டிரைவர் எலோஃப் புதுசு, கடற்கரைப் பக்கத்துக்காரர். இந்தக் குளிரை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

"ஏம்மா குன்வோர், மைனஸ் முப்பத்தொண்ணுன்னா மனுஷன் மூக்கு கழண்டு விழுந்துடாதா?"

"விழுந்தா குனிஞ்சு எடுத்துக்குங்க. முதல்ல கதவைச் சாத்துங்க" என்றேன்.

எனக்கு நேரம் தவறினால் ஆகாது. அப்போதும் ஆகாது, இப்போதும் ஆகாது. தொண்ணூற்றிரண்டு பேருக்குப் படம் எடுக்கவேண்டும், இரண்டு மணிக்குள். வழக்கமாக நானே வாசலில் நின்று ஒவ்வொரு முகத்தையும் பார்த்து உள்ளே விடுவேன். அன்றைக்கு அந்த வேலையை எலோஃபிடம் கொடுத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றேன். ஒரு முகமும் தெரியாத மனிதரை வாசலில் நிறுத்தினேன் என்பதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தச் சுரங்கத்தில் ஆளுக்கு ஒரு பித்தளைப் பில்லை உண்டு. அதில் எண் மட்டும் இருக்கும். குழி வாயில் ஒரு பெரிய பலகை. இடது பக்கம் 'கீழே' என்று எழுதியிருக்கும், வலது பக்கம் 'வீடு'. இறங்கும்போது பில்லையை இடது ஆணியில் மாட்டவேண்டும், ஏறி வந்ததும் வலது ஆணிக்கு மாற்றவேண்டும். அவனவன் பில்லையை அவனவன் கைதான் தொடவேண்டும். இதை அந்த ஊர்க் குழந்தைகள்கூடச் சொல்லும். தினமும் மூன்று மணிக்குக் கீழே வெடி. இடது பக்கத்தில் ஒரே ஒரு பில்லை தொங்கினாலும் வெடிக்காரர் சாவியைத் திருகக்கூடாது.

படம் எடுக்கிற நாளில் மட்டும் ஷிப்டில் இருப்பவர்கள் பத்துப் பத்துப் பேராக மேலே வந்து, பில்லையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். அதனால் பில்லையில் உள்ள எண்ணைத்தான் படத்தில் பதிப்பேன். படம் முடிந்ததும் பில்லையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள்.

மாலை ஷிப்டுக்காரர்கள் வீட்டில் சும்மா இருந்தார்கள் என்பதால் காலையில் முதலில் அவர்களை முடித்தேன். பிறகு பகல் ஷிப்டு. சட்டையில்லாத முதுகு, அதற்குப் பின்னால் இன்னொரு முதுகு. எல்லோருக்கும் ஒரே வாய்ப்பாடு. "மோவாயை மேல வைங்க. மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க." கடைசிப் பத்துப் பேர் வந்தபோது மணி ஒன்றே முக்கால் தாண்டிவிட்டது. அவர்கள் இனிக் கீழே போவதில் அர்த்தமில்லை, ஷிப்டு இரண்டரைக்கு முடிந்துவிடும்.

"எலோஃப், இந்தப் பத்துப் பில்லையையும் ஆளாளுக்குத் திருப்பிக் குடுத்துட்டு நிக்கவேணாம். டப்பாவுல போட்டு ஓசியான்கிட்டக் குடுத்துடுங்க. 'வீடு' பக்கம் மாட்டிக்கட்டும்."

ஓசியான் பலகையைப் பார்த்துக்கொள்கிறவர். முப்பது வருஷமாக அதே நாற்காலி. எலோஃப் திரும்பி வந்து சிரித்தார்.

"அந்த மனுஷன் என்னைப் பிடிச்சு உலுக்கிட்டார்ம்மா. ஆளில்லாம பில்லை வரக்கூடாதாம். 'பத்துப் பேரும் மேலதான்யா நிக்கறாங்க, என் கண்ணால பாத்தேன்'னு சொன்னேன். முனகிக்கிட்டே மாட்டினார்."

"முனகட்டும்" என்று சொல்லிவிட்டு நான் இருட்டறைக்குள் போனேன்.

கடைசிப் பத்துப் படங்களைக் கழுவித் தொங்கவிட்டேன். எண் நூற்றுப் பதினான்கு வந்தபோது கை நின்றது. வல்ஃப்ரிட்டின் எண் அது.

வல்ஃப்ரிட்டின் நெஞ்சை எனக்குத் தெரியும். மனிதர்களின் முகத்தைவிட அவர்களுடைய விலா எலும்புகள்தான் எனக்கு ஞாபகத்தில் நிற்கும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வல்ஃப்ரிட்டுக்கு இடது பக்கம் நான்காவது விலா எப்போதோ பாறை விழுந்து முறிந்து, கோணலாக ஒட்டிக்கொண்டது. போன வருஷம் அவருக்கு நுரையீரலின் மேல் பாதியில் பாறைத்தூசி புகை மாதிரி படர ஆரம்பித்திருந்தது. டாக்டர், "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று எழுதி விட்டுவிட்டார்.

போன வருஷம் இன்னொன்றையும் கவனித்திருந்தேன். எங்கள் வடக்கில் 'ஆமாம்' என்பதற்கு வார்த்தை வேண்டியதில்லை. உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்போம், அவ்வளவுதான் ஆமாம். நான், "ஹெல்மி சௌக்கியமா?" என்று அவருடைய மனைவியைப் பற்றிக் கேட்டபோது வல்ஃப்ரிட் "ஆமா" என்று வாயைத் திறந்து சொன்னார், வெளியூர்க்காரர் மாதிரி. மூச்சை இழுத்தால் இருமல் வந்துவிடுமோ என்று பயந்துதான் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

இப்போது கையில் இருக்கிற படத்தில் கோணல் விலா இல்லை. புகை இல்லை. துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி ஒரு நெஞ்சு. வலது காறை எலும்புக்குக் கீழே மட்டும் கடுகளவு வெள்ளைப் புள்ளி.

அந்தப் புள்ளியை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். மாலை ஷிப்டுக்காரர்களின் படங்களைத் துழாவினேன். இருந்தது. எட்வின், ஹெல்மியின் தம்பி, முப்பது வயசு. பனிக்கோழி வேட்டைக்குப் போனபோது கூட வந்தவன் கைதவறிச் சுட்டதில் உள்ளே தங்கிவிட்ட ஒரு ஈய ரவை. ஒரே நாளில் ஒரே நெஞ்சு இரண்டு எண்களில் என்னிடம் வந்திருக்கிறது.

எனக்கு வந்தது கோபம்தான். என்னையா ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்று பல்லைக் கடித்தேன். முகத்தில் கரியைப் பூசி, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அத்தானுக்குப் பதிலாக மச்சினன் வந்து நின்றிருக்கிறான். எலோஃபுக்கு எல்லா வடக்கத்தியானும் ஒன்றுதான். டாக்டரிடம் இரண்டு படத்தையும் சேர்த்து நீட்டினால் இரண்டு பேரும் மாட்டுவார்கள்.

பிறகு பிர்கர் ஞாபகம் வந்தார். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி, எங்கள் வடக்கத்து வழக்கப்படி பாலாடைக்கட்டித் துண்டுகளை அதில் போட்டு, அவை ஊறும்வரை உட்கார்ந்து யோசித்தேன். ஹெல்மியின் சமையலறையில் நான் காபி குடித்திருக்கிறேன். ஜன்னலோரம் அவள் வளர்க்கிற செடிகளைத் தண்டவாளத்துப் பக்கத்து அறையில் எங்கே வைப்பாள்? நான் டாக்டர் இல்லை. எண் நூற்றுப் பதினான்கு, படம் சுத்தம். உறையில் போட்டு ஒட்டிவிட்டால் முடிந்தது. பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவையாவது துடைப்பமாக இல்லாமல் இருந்துவிட்டுப் போகிறேனே என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், உறையை நாக்கால் நனைத்து ஒட்டியும்விட்டேன்.

அப்போது சங்கு ஊதியது. இரண்டே முக்காலுக்கு ஊதுகிற முதல் சங்கு, நீளமாக ஒன்று. ஐந்து நிமிஷம் குறைய மூன்றுக்கு இரண்டாவது. மூன்றுக்கு வெடி.

எலோஃப் கேட்டார்: "இது எதுக்கும்மா?"

"வெடிக்கப் போறாங்க. கீழ யாரும் இல்லைன்னா..."

சொல்லி முடிக்கவில்லை. எட்வின் இங்கே வல்ஃப்ரிட்டாக நின்றான் என்றால் வல்ஃப்ரிட் எங்கே நின்றார்? கீழே. அவருடைய பில்லை எங்கே? நான் டப்பாவில் போட்டு அனுப்பி, 'வீடு' பக்கம் தொங்குகிறது.

பயப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷிப்டு இரண்டரைக்கு மேலே வந்துவிட்டது. வல்ஃப்ரிட்டும் அவர்களோடு கூண்டில் ஏறி வந்திருப்பார், வராமல் என்ன. இப்போது குளித்துக்கொண்டிருப்பார். போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் மனசு அடங்கும். கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன். அந்தக் குளிரில் ஓடினால் நெஞ்சுக்குள் கத்தி இறங்கும். ஓடினேன்.

உடுப்புக் கொட்டகையின் கதவைத் தள்ளினேன். ஆவியும் சோப்பு வாசனையும், உடம்பில் துணியில்லாத இருபது முப்பது ஆண்களும்.

"சிஸ்டர்! சட்டையைக் கழட்டச் சொல்லவே வேணாம், கழட்டியாச்சு!" என்று ஒருவர் கத்த, கொட்டகையே சிரித்தது.

"வல்ஃப்ரிட் எங்க?"

"யாரு, நம்ம வல்ஃப்ரிட்டா? அவர் உங்ககிட்டத்தானே வந்தார். 'படத்துக்குப் போறேன், இனி வரமாட்டேன்'னு சொல்லிட்டு ஒண்ணரைக்கே கிளம்பிட்டாரே."

"கூண்டுல உங்களோட வந்தாரா?"

"அதான் முன்னாடியே மேல போயிட்டாரே, எங்களோட எப்படி வருவார்?"

அவர்கள் கூரையிலிருந்து சங்கிலிகள் தொங்கவிட்டிருப்பார்கள். வேலைக்கு வந்ததும் வீட்டு உடுப்பைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியை இழுத்து மேலே ஏற்றிவிடுவார்கள், போகும்போது இறக்கிக்கொள்வார்கள். நான் சுவரில் எண்ணைத் தேடினேன். நூற்றுப் பதினான்காம் சங்கிலி இறுக்கமாகக் கட்டியிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டு ஒன்று தொங்கியது. அதன் பையிலிருந்து ஹெல்மி பின்னிய சிவப்புக் கையுறை எட்டிப் பார்த்தது.

அந்த நிமிஷத்தில் யோசித்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வாயைத் திறந்தால் வல்ஃப்ரிட்டின் பிழைப்பு போகும், ஹெல்மியின் வீடு போகும். ஒருவேளை அவர் வேறு உடுப்பில் வீட்டுக்குப் போயிருந்தால்? வீணாக நானே காட்டிக்கொடுத்தவள் ஆகமாட்டேனா? இப்படி ஒரு நாலு எட்டு நடக்கிற நேரம் யோசித்தேன். அதற்குள் இரண்டாவது சங்கு ஊதிவிட்டது.

குழி வாயில் ஓசியான் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் வெடிக்காரர் ஸ்டூரெ, சுவரில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து சாவியை உள்ளே செருகிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! கீழ ஆள் இருக்கு."

ஸ்டூரெ திரும்பவேயில்லை. "பலகையைப் பாருங்க சிஸ்டர். இடது பக்கம் காலி."

"வல்ஃப்ரிட் கீழ இருக்கார்."

ஓசியான் எழுந்தார். "வல்ஃப்ரிட் பில்லையை நானே என் கையால வீட்டுப் பக்கம் மாட்டினேன். உங்க டிரைவர் கண்ணால பாத்தேன்னாரு. இப்ப வந்து என்ன பேசறீங்க?"

"டிரைவர் பாத்தது எட்வினை. எட்வின் வல்ஃப்ரிட் பேர்ல வந்து படம் எடுத்துக்கிட்டான். படம் எங்கிட்ட இருக்கு. அவரோட கோட்டு இன்னும் மேல சங்கிலியில தொங்குது, போய்ப் பாருங்க!"

சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். ஓசியானின் முகம் சுவர் மாதிரி வெளுத்தது. முப்பது வருஷத்தில் ஆளில்லாமல் வந்த பில்லையை அவர் மாட்டியது அன்றைக்கு ஒரு தடவைதான், அதுவும் என் பேச்சைக் கேட்டு.

ஸ்டூரெ கடிகாரத்தைக் காட்டினார். "வெடிமருந்து அடைச்சாச்சு. அடைச்ச மருந்தைக் கிடப்புல போட்டுட்டு மாலை ஷிப்டை இறக்க முடியாது. உங்க பேச்சை நம்பி நான் நிறுத்தினா நாளைக்கு யாருக்குப் பதில் சொல்லுவேன்? பலகை என்ன சொல்லுதோ அதுதான் எனக்கு." அவருடைய கை சாவியிலேயே இருந்தது.

கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் இருந்தது. நான் பலகைக்குப் போனேன். வலது பக்கத்திலிருந்து நூற்றுப் பதினான்கைக் கழற்றினேன். "சிஸ்டர், தொடாதீங்க!" என்று ஓசியான் கத்தினார். இடது பக்கம், 'கீழே' என்பதற்கு அடியில், அதன் ஆணியில் மாட்டினேன். மாட்டிய வேகத்தில் பில்லை ஆணியில் கிடந்து ஆடிக்கொண்டே இருந்தது.

மூன்று பேரும் அது ஆடுவதைப் பார்த்தோம். ஸ்டூரெ சாவியிலிருந்து கையை எடுத்தார்.

எட்வினுக்கு ஆள் போனது. வாயில் மென்றுகொண்டிருந்த ரொட்டியோடு ஓடிவந்தான். பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்படியே வாசல் பனியில் முழங்காலிட்டுவிட்டான்.

"பத்து நிமிஷத்துல பில்லையைத் திரும்பக் 'கீழே' பக்கமே மாட்டிடலாம்னுதான் சிஸ்டர்... கூட்டத்துல ஓசியான் பாக்காதப்போ எடுத்தேன். படம் முடிஞ்சு கேட்டா, டிரைவர் கொண்டு போயிட்டார்னாங்க. சரி, அத்தான் எப்படியும் ஷிப்டோட வந்துடுவார்னு வீட்டுக்குப் போயிட்டேன்."

"அவர் எங்க இருக்கார்? அதைச் சொல்லு!"

"மூணாந்தளத்துல. பழைய சாப்பாட்டு அறையில ஒளிஞ்சிருக்கேன்னார். அங்கிருந்து ஏணி ஏறினா கூண்டுக்கு வந்துடலாம்."

ஸ்டூரெ கண்ணை மூடினார். "இன்னைக்கு வெடி மூணாந்தளத்துல" என்றார்.

ஸ்டூரெயும் எட்வினும் தங்கள் பில்லைகளை இடது பக்கம் மாட்டிவிட்டுக் கூண்டில் இறங்கினார்கள். பலகையில் மூன்று பில்லைகள் தொங்கின.

கர்ஹுவாராவில் மூன்று மணிக்கு அலமாரியில் கிண்ணங்கள் கிணுகிணுக்கும். அதை வைத்துத்தான் பெண்கள் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றுவார்கள். அன்றைக்குக் கிண்ணங்கள் கிணுகிணுக்கவில்லை. மூன்று ஐந்துக்கு முதல் கதவு திறந்தது. மூன்று பத்துக்குள் முற்றம் நிறையப் பெண்கள், தலையில் துண்டும் காலில் வீட்டுச் செருப்புமாக. எல்லோரும் பலகை இருக்கும் ஜன்னலையே பார்த்தார்கள். எண் தெரியாத தூரம்.

ஹெல்மி நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, யார் பில்லை அது?"

"ஹெல்மி..."

"யார் பில்லைன்னு கேட்டேன்."

"நூத்திப் பதினாலு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்தாள், எலும்பு நொறுங்குகிற பிடி. "நான்தான் சொன்னேன். எட்வினை அனுப்புன்னு நான்தான் சொன்னேன். பென்ஷனுக்கு ரெண்டே வருஷம்தான், சமாளிச்சுடலாம்னேன்."

"நான்தான் பில்லையை 'வீடு' பக்கம் மாட்டச் சொன்னேன்" என்றேன். அவளுக்கு அது புரிந்ததோ என்னவோ, கையை விடவில்லை. நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. அந்த அரைமணி நேரத்தைப் போல இன்னொரு அரைமணியை நான் என் எதிரிக்கும் கேட்கமாட்டேன்.

மூன்று நாற்பதுக்குக் கூண்டின் கம்பி இறுகியது.

வல்ஃப்ரிட் ஏணியின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தாராம். நாற்பது படி. இருபதாவது படியில் மூச்சு நின்றுவிட்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இடுப்பு வாரை ஏணியில் மாட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறார். ஷிப்டுக்காரர்கள் தலைக்கு மேலே பேசிக்கொண்டு போனது கேட்டிருக்கிறது. கத்துவதற்கு நெஞ்சில் காற்று இல்லை. பிறகு மருந்து அடைக்கிறவர்களும் போய்விட்டார்கள். விளக்கு அணைந்தது. தூரத்தில் சங்கு கேட்டது. இதெல்லாம் எட்வின் பிறகு சொன்னது.

தூக்குப்படுக்கை கொண்டுவந்தார்கள். வல்ஃப்ரிட் அதைக் கையால் தள்ளினார். அவருடைய பில்லை இன்னும் இடது பக்கம் தொங்கியது, அதை எடுக்க வேண்டிய கை அவருடையது. ஓசியான் நாற்காலியிலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றார்.

கூண்டிலிருந்து பலகைக்கு முப்பது தப்படிகூட இருக்காது. வல்ஃப்ரிட் எட்டுத் தப்படி வைத்து நின்றார். சுவரைப் பிடித்தார். இருமினார். மறுபடி ஐந்து தப்படி, மறுபடி நின்றார். மூன்றாவது தடவை நின்றபோது எட்வின் அவருடைய தோளைப் பிடிக்கப் போனான், ஹெல்மி தலையை அசைத்துத் தடுத்தாள். முற்றத்தில் ஊரே நின்றது. சுரங்க மேலாளர் நின்றார். பஸ் வாசலில் எலோஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். என் படம் சொல்லக்கூடியதெல்லாம் அந்த முப்பது தப்படியில் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

பில்லையைக் கழற்றினார். வலது பக்கம் மாட்டுவார் என்று பார்த்தேன். மாட்டவில்லை. கையில் மூடிக்கொண்டு என் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பஸ்ஸின் மூன்று படிகளை ஏறுவதற்கு அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

உள்ளே வந்து பில்லையை என் தட்டில் போட்டார்.

"இப்ப எடுங்க சிஸ்டர்."

"நாளைக்கு எடுத்துக்கலாம், வல்ஃப்ரிட். வீட்டுக்குப் போங்க."

"பாதியில விட்டுட்டுப் போற பழக்கம் உங்களுக்கு எப்ப வந்தது?"

அவருடைய ஈரச் சட்டையைக் கழற்ற நான் உதவினேன். கண்ணாடி மாதிரி குளிர்ந்திருந்த தகட்டில் நெஞ்சை வைத்து நின்றார். வெளியே சங்கு முதலிலிருந்து ஊதியது, ஒன்று, பிறகு இரண்டு. நாங்கள் காத்திருந்தோம். வெடி உள்ளங்காலில் ஏறியது. தட்டில் பில்லை கிணுகிணுத்தது. அவர் அந்தச் சத்தம் முழுக்கப் போகும்வரை தலையைக் குனிந்தபடி இருந்தார். தான் தொங்கிக்கொண்டிருந்த ஏணியை நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

தடுப்புக்குப் பின்னால் போய் வாய்ப்பாட்டைச் சொன்னேன். "மூச்சை இழுங்க. பிடிங்க."

இருமல்தான் வந்தது. இன்னொரு தடவை. மறுபடி இருமல்.

"பிடிக்க முடிஞ்சா நான் எதுக்கு எட்வினை அனுப்பறேன்?" என்றார்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்தது அவருக்கு இன்னும் இருமலைக் கொண்டுவந்தது. அடங்கட்டும் என்று விட்டேன். ஜன்னல் வழியாக ஹெல்மி தெரிந்தாள். அவருடைய சாம்பல் கோட்டைச் சங்கிலியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவப்புக் கையுறைகளைத் தன் கையில் போட்டிருந்தாள்.

பதினெட்டு வருஷமாகப் படத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும், "டாக்டர் எழுதுவார்" என்பதைத் தவிர நான் எதையும் சொன்னதில்லை, கேட்டதில்லை. அன்றைக்குப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"போதும்தானே, வல்ஃப்ரிட்?"

அவர் மோவாயை மறுபடி மேலே வைத்தார். பிறகு அவர் உதட்டைக் குவித்து, எங்கள் வடக்கில் ஆமாம் சொல்கிறபடியே, மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தார்.

அந்த மூச்சில் படத்தை எடுத்தேன்.